ஃபார்மட் போடச் சம்மதிக்கும் முன் பயாஸைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று தூக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது இதுதான்: "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போடணும்." பல நேரம் விண்டோஸ் எங்கும் போயிருக்காது. டிஸ்கில் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடித்து ஓடவைக்க வேண்டிய, மதர்போர்டு சிப்பில் இருக்கும் பயாஸ் என்ற நிரல்தான், ஏதோ ஒரு செட்டிங் மாறிப்போனதால் தடுமாறி நிற்கும். அந்தச் செட்டிங்கைத் திருப்பி வைக்க ஐந்து நிமிடம் போதும். ஃபார்மட் போட்டாலோ போட்டோ, கணக்கு, பிராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் போய்விடும்.

கடலூரில் என் கைக்கு வரும் கணினிகள் சாதாரணமானவை. கடைகளின் பில்லிங் சிஸ்டம், காலேஜ் பிள்ளைகள் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப், இப்படி. இவற்றின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் பயாஸ் திரையை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. தொட்டால் மிஷினே போய்விடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்ப்பதால் எதுவும் கெடாது. மாற்ற வேண்டியவை நாலைந்துதான், தொடவே கூடாதவை சில. இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுமார் 2012க்குப் பிறகு வந்த கணினிகளில் இருப்பது பழைய பயாஸ் இல்லை, அதன் இடத்துக்கு வந்த யுஇஎஃப்ஐ. ஆனால் கடையிலும் சரி, மதர்போர்டு கம்பெனிகளின் வெப்சைட்டிலும் சரி, இரண்டையும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். வித்தியாசம் தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது

பவர் பட்டனை அழுத்தியதும், பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் முதலில் தன் மின்னழுத்தம் நிலைக்கு வருகிறதா என்று பார்க்கும். வந்த பிறகே மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அதுவரை பிராசசர் ரீசெட் நிலையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். விடுபட்ட கணத்தில் ரேமில் எதுவும் கிடையாது. டிஸ்க் ஒன்று மாட்டியிருப்பதும் பிராசசருக்குத் தெரியாது. அதனால் இன்டெல் பிராசசர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு முகவரிக்குத்தான் போகும்: 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரி. அங்கே இருப்பது மதர்போர்டில் ஒட்டியிருக்கும் எட்டுக்கால் ஃபிளாஷ் சிப். இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் 16 எம்பி அல்லது 32 எம்பி அளவு. பயாஸ் முழுக்க அந்தச் சிப்புக்குள்தான் இருக்கிறது.

பயாஸ் முதலில் ரேமைத் தயார்செய்யும். டிடிஆர்5 ரேம் போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் இந்த வேலைக்கு முதல் தடவை சில நிமிடங்கள்கூட ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும், ஃபேன் மட்டும் சுற்றும். பயந்துபோய் ஆஃப் செய்யாதீர்கள், பொறுங்கள்.

அடுத்து கீபோர்டு, டிஸ்ப்ளே, டிஸ்க் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று சோதிக்கும். இதைத்தான் போஸ்ட் என்கிறோம். இதில் தவறினால் பீப் சத்தம் வரும், அல்லது லைட் மின்னும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவான பட்டியல் எதையும் நம்பாமல், எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு உங்கள் மாடலின் மேனுவலில் பாருங்கள். இந்தப் பக்கத்து உப்புக்காற்றில் ரேமின் தங்க நிறக் கால்களில் அழுக்கு படிந்து போஸ்ட் தவறுவது சகஜம். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய வீடுகளில் அதிகம். மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டினால் பல சிஸ்டங்கள் உயிர் பெற்றுவிடும்.

போஸ்ட் முடிந்ததும்தான் விண்டோஸைத் தேடும் படலம். பழைய முறையில் பயாஸ் டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட்டுக்குள் அடங்கும் ஒரு குட்டி நிரல்தான் மற்றதைக் கூப்பிடும். இந்த முறையில் டிஸ்கைப் பிரிக்கும் பட்டியலான எம்பிஆர், 512 பைட் செக்டர் கொண்ட டிஸ்கில் ஏறக்குறைய 2 டிபிக்கு மேல் எட்டாது. பிரதான பார்ட்டிஷனும் நான்குக்கு மேல் கிடையாது.

இன்டெல் தன் இட்டானியம் பிராசசருக்காக உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்ததுதான் யுஇஎஃப்ஐ. 2005 முதல் பல கம்பெனிகள் சேர்ந்த ஒரு மன்றம் அதைப் பராமரிக்கிறது. இதில் டிஸ்கின் ஒரு ஓரத்தில் ஃபேட்32 வடிவில் ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸைக் கிளப்பும் ஃபைல் அதற்குள் சாதாரண ஃபைலாகவே உட்கார்ந்திருக்கும். எந்த டிஸ்கில் எந்த ஃபைல் என்ற குறிப்பு மதர்போர்டின் சிப்பில் பதிவாகியிருக்கும். யுஇஎஃப்ஐ சிஸ்டத்தின் பூட் பட்டியலில் டிஸ்கின் பெயருக்குப் பதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு வரி தெரிவது இதனால்தான். பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது அந்த வரி.

உள்ளே போவதற்கு முன்

சிஸ்டம் இன்னும் விண்டோஸுக்குப் போகிறது என்றால், முதலில் விண்டோஸிலிருந்தே கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால், 'பயாஸ் மோட்' என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்றோ லெகசி (பழைய பயாஸ் முறை) என்றோ இருக்கும். கீழே செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறதா என்பதும், பயாஸ் வெர்ஷனும் தெரியும். இந்தத் திரையைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் செய்தாலே, சொல்லாமல் கொள்ளாமல் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். அந்த நிலையில் செக்யூர் பூட்டையோ, அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம்மையோ மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கீ இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டின் வெப் பக்கத்தில் அந்தக் கீ பதிவாகியிருக்கும். அதை எடுத்துத் தாளில் எழுதி வைத்த பிறகே பயாஸ் பக்கம் போங்கள்.

அப்புறம் கீபோர்டு. புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் பயாஸில் வேலை செய்யாது. ஒயர் வைத்த யுஎஸ்பி கீபோர்டை, ஹப் எதுவும் இல்லாமல், சிபியு பெட்டியின் பின்பக்கம் நேராகச் செருகுங்கள்.

எந்தக் கீயை அழுத்துவது

ஆன் செய்தவுடன் கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்திப் பிடிப்பதைவிட விட்டுவிட்டுத் தட்டுவது நல்லது. டெல், ஏசர் லேப்டாப்புகளுக்கு எஃப்2. ஹெச்பிக்கு எஃப்10, அல்லது எஸ்கேப் தட்டி மெனு வந்த பிறகு எஃப்10. லெனோவோ திங்க்பேடுக்கு எஃப்1, ஐடியாபேடுக்கு எஃப்2. சில ஐடியாபேடுகளில் ஓரத்தில் ஊசியால் குத்தும் அளவில் நோவோ என்ற பட்டன் இருக்கும். சிஸ்டம் ஆஃபில் இருக்கும்போது அதை அழுத்தினால் மெனு நேராக வந்துவிடும். ஆசூஸ் லேப்டாப்புக்கு எஃப்2. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் ஆசூஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ எந்தப் போர்டாக இருந்தாலும் டெலீட் கீதான்.

எவ்வளவு தட்டியும் விண்டோஸுக்கே போய்விடுகிறதா? பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் முழுதாக அணைவதில்லை. ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்துத் தட்டிப் பாருங்கள். இன்னும் சுலபமான வழி: விண்டோஸ் 11 செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் என்று போய் ரீஸ்டார்ட் நவ் கொடுங்கள். நீலத் திரை வந்ததும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். சிஸ்டம் தானாகவே பயாஸுக்குள் போய் நிற்கும்.

உள்ளே போனதும் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எல்லாவற்றையும் படமெடுங்கள். மெயின், அட்வான்ஸ்டு, செக்யூரிட்டி, பூட் என்று நாலைந்து பக்கம்தான் இருக்கும். புது போர்டுகளில் முதலில் ஈசி மோட் வரும். ஆசூஸ், எம்எஸ்ஐ போர்டுகளில் எஃப்7 தட்டினால் முழு மெனு திறக்கும். இந்தப் படங்கள்தான் உங்களுக்குப் பிடிமானம். என்ன மாற்றினாலும், இதைப் பார்த்துப் பழையபடி வைத்துவிடலாம்.

ஒரு விதியை மட்டும் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்று, எஃப்10 கொடுத்து சேவ் செய், விண்டோஸ் வருகிறதா பார். வந்த பிறகு அடுத்தது. மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு நின்றுபோனால் எது காரணம் என்று தேடுவது பெரும்பாடு.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மெயின் பக்கத்தில் தேதியும் நேரமும் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் போவார்கள். நான் முதலில் பார்ப்பதே இதைத்தான், ஏனென்றால் பாதித் தொல்லைகளின் நுனி இங்கேதான் தெரியும்.

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னதாக, வெள்ளி நிறத்தில் ஒரு செல் இருக்கும். பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பதும், பல டெஸ்க்டாப்புகளில் பயாஸ் செட்டிங்குகளைக் காப்பாற்றுவதும் இதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை மின்சாரமே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். செல்லுக்கு வேலை இல்லை. நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவோம். இடிக்குப் பயந்தும் அணைப்போம், அது சரியான பழக்கம்தான். ஆனால் அந்த நேரம் முழுக்கச் செல் மட்டுமே தாங்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப்போன பிறகு மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பழைய செல் போட்டிருந்த கணினிக்கு அப்படிப்பட்ட நாட்கள் சோதனைக் காலம்.

செல் தீர்ந்தால் என்னென்ன ஆகும் என்று பாருங்கள். ஆன் செய்ததும் தேதி, பயாஸ் தயாரான ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய்விடும். நெட்டைத் திறந்தால் குரோம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று நிறுத்திவிடும். பாதுகாப்பான வெப்சைட்டுகளின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி தொடக்க நாளுக்கு முன்னால் இருந்தால் சான்றிதழ் செல்லாது. பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடக் கடைசி நாளில் உட்கார்ந்த பிள்ளை, நெட் வேலை செய்யவில்லை என்று மோடத்தைத் திட்டிக்கொண்டிருக்கும். கோளாறு மோடத்தில் இல்லை, மதர்போர்டில் உள்ள செல்லில்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. முதுநகரில் வலை, கயிறு விற்கும் கடை ஒன்றின் பில்லிங் சிஸ்டம். மழை ஓய்ந்து கரண்ட் வந்தபின் ஆன் செய்தால் நீலத் திரை, 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று எழுத்து. "தம்பி, விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போடணும்னு சொல்றாங்க. டேலி கணக்கெல்லாம் போயிடுமா?" என்று கேட்டார் கடைக்காரர். பயாஸைத் திறந்தால் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. அந்த ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. செல் தீர்ந்ததும் பயாஸ் எல்லாச் செட்டிங்கையும் கம்பெனி வைத்தபடிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. டிஸ்கை எந்த முறையில் பேசவைப்பது என்று சொல்லும் சாட்டா மோடும் அதில் சேர்த்தி. அந்த மாடலில் கம்பெனி வைத்தது ரெய்டு என்ற முறை. விண்டோஸ் போட்டவர் ஏஹெச்சிஐ என்று மாற்றிவிட்டுப் போட்டிருக்கிறார். முறை மாறியதும் விண்டோஸுக்குத் தன் டிஸ்கே பிடிபடவில்லை. செல்லை மாற்றி, சாட்டா மோடை ஏஹெச்சிஐக்குத் திருப்பி, தேதியைச் சரிசெய்து எஃப்10 கொடுத்ததும் பில்லிங் திரை வந்து நின்றது. கணக்கு ஒரு வரிகூடப் போகவில்லை.

செல் மாற்றுவது இப்படித்தான். சிஸ்டத்தை ஷட் டவுன் செய்து, மெயின் ஒயரையே பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் மீதமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். செல்லின் ஓரத்தில் ஒரு சின்ன உலோக நாக்கு பிடித்திருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் செல் தானாக எகிறி மேலே வரும். ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள், வழுக்கி போர்டில் கீறினால் ஆபத்து. தாங்கியில் பச்சை பூத்திருந்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். புதுச் செல்லைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி சாய்த்து நுழைத்து அழுத்துங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் இது. மல்டிமீட்டர் இருந்தால் பழைய செல்லை அளந்து பாருங்கள், 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதன் காலம் முடிந்தது. கழற்றிய செல்லைச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

லேப்டாப்பில் இதே செல் பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு மெல்லிய ஒயரோடு உள்ளே ஒட்டியிருக்கும். புது மாடல்கள் சிலவற்றில் தனிச் செல்லே கிடையாது, மெயின் பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. பழக்கம் இல்லாதவர்கள் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் போட்டிருக்கும் சிஸ்டத்தில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் செல்லின் மேல் பழி போடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலிருந்து வெளியே வந்து விண்டோஸுக்குப் போனால் 5 மணி 30 நிமிடம் குறையும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்கு மாற்றினால் தீர்ந்தது.

பூட் ஆர்டர்

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று கறுப்புத் திரையில் வந்தால் முதலில் செருகியிருக்கும் பென் டிரைவைப் பிடுங்குங்கள். அதிலேயே பல தடவை சரியாகிவிடும். ஆகாவிட்டால் பயாஸின் மெயின் பக்கத்திலோ ஸ்டோரேஜ் பக்கத்திலோ உங்கள் டிஸ்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். இதுதான் முக்கியமான கேள்வி. பெயரே தெரியவில்லை என்றால் கேபிள் கழன்றிருக்கலாம், டிஸ்க் செத்திருக்கலாம். அதற்கு ஃபார்மட் மருந்தே இல்லை, போடவும் முடியாது. பெயர் தெரிகிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால் பூட் பக்கம் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள். லெகசி சிஸ்டமாக இருந்தால் டிஸ்கின் பெயரை ஏற்றுங்கள்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் போடவோ, பரிசோதிக்கவோ வேண்டுமென்றால் இந்த ஆர்டரைத் தொடவே வேண்டாம். ஒரே ஒருமுறைக்கான பூட் மெனு தனியாக இருக்கிறது. டெல், லெனோவோ, ஜிகாபைட்டுக்கு எஃப்12, ஹெச்பிக்கு எஃப்9, எம்எஸ்ஐக்கு எஃப்11, ஆசூஸ் டெஸ்க்டாப்புக்கு எஃப்8. ஏசரில் எஃப்12 மெனுவைப் பயாஸின் மெயின் பக்கத்தில் முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

லெகசி, யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட்

விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அந்த முறையில்தான் கிளம்பும். லெகசியில் போட்ட சிஸ்டத்தை யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் நின்றுபோகும். திருப்பி வைத்தால் பழையபடி ஓடும், எதுவும் அழியாது. சிஎஸ்எம் என்று ஒரு செட்டிங் இருக்கும். அது புது போர்டில் பழைய முறையை அனுமதிப்பது.

இப்போது பலர் இந்தப் பக்கத்துக்கு வருவது விண்டோஸ் 11க்காக. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 மூன்றும் வேண்டும். பிராசசரும் ஏறக்குறைய இன்டெல் எட்டாம் தலைமுறை, அல்லது ரைசன் 2000 வரிசை, இல்லை அதற்கு மேல் இருக்க வேண்டும். 'உங்கள் கணினி தகுதியற்றது' என்று வந்ததும் புது லேப்டாப் விலை விசாரிக்கப் போகாதீர்கள். பிராசசர் பட்டியலில் இருந்தும் டிபிஎம் இல்லை என்று காட்டினால், அது பயாஸில் அணைந்து கிடக்கலாம். இன்டெல் போர்டில் 'பிடிடி', ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடுங்கள். எனேபிள் செய்து சேவ் செய்தால் போதும். விண்டோஸ் லெகசியில் போட்டிருந்தால், டிஸ்கை அழிக்காமலே யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற மைக்ரோசாஃப்டே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை விண்டோஸுக்குள் கொடுத்திருக்கிறது. பேக்கப் எடுத்துவிட்டு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

செக்யூர் பூட் என்பது கையொப்பம் சரியாக இருக்கும் பூட் ஃபைலை மட்டும் ஓடவிடும் காவல். லினக்ஸ் போட இதை அணைத்தே ஆக வேண்டும் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். உபுண்டு, ஃபெடோரா, இன்றைய டெபியன் எல்லாம் இது ஆனில் இருக்கும்போதே ஓடுகின்றன. ஆனிலேயே விடுங்கள்.

கரண்ட் போய் வரும் ஊருக்கான ஒரு செட்டிங்

டெஸ்க்டாப் பயாஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்றோ, அதை ஒட்டிய பெயரிலோ ஒன்று இருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்பது இது. பவர் ஆஃப், பவர் ஆன், லாஸ்ட் ஸ்டேட் என்று மூன்று. வீட்டு சிஸ்டத்தில் பவர் ஆஃப் என்றே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் ஒரேயடியாக வந்து நிற்பதில்லை, நாலு தடவை வந்து வந்து போகும். ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் பாதி கிளம்பி விழுந்தால் டிஸ்குக்கும் நல்லதில்லை, எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நல்லதில்லை. யாரும் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டிய சிசிடிவி சிஸ்டம், சர்வர் போன்றவற்றுக்கு மட்டும் லாஸ்ட் ஸ்டேட். அதையும் யுபிஎஸ் வழியாக.

இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு ஒன்று: விர்ச்சுவல்பாக்ஸோ ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ ஓடவில்லை என்றால் இன்டெல்லில் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்' எனேபிள் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் எனேபிள்டு என்று வந்தால் சரி. அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் 3200 என்று எழுதிய ரேம் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருந்தால், எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யலாம். வோல்டேஜ், ஓவர்கிளாக் என்று இருப்பவற்றைத் தொடாதீர்கள்.

மாற்றியதில் குழம்பிவிட்டால் 'லோட் டிஃபால்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, பல லேப்டாப்புகளில் எஃப்9. ஆனால் முதுநகர் கடையில் நடந்தது நினைவிருக்கட்டும். டிஃபால்ட் என்பது கம்பெனி வைத்தது, உங்கள் விண்டோஸ் பழகியது அல்ல. டிஃபால்ட் கொடுத்த பிறகு சாட்டா மோட், பூட் முறை இரண்டையும் போன் படத்தோடு ஒப்பிட்டுவிட்டே சேவ் செய்யுங்கள்.

பாஸ்வேர்டும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பும்

பயாஸில் பாஸ்வேர்டு வைக்கலாம். வைத்தால் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். செல்லைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பது பழைய டெஸ்க்டாப்புக்குப் பொருந்தும். ஆபீஸ் ரக லேப்டாப்புகளில் அது கரண்ட் இல்லாமலே நிலைக்கும் நினைவகத்தில் பதிவாகிறது, செல்லைக் கழற்றி எந்தப் பயனும் இல்லை. ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு என்று தனியாக இருப்பதை வைக்கவே வேண்டாம். மறந்தால் டிஸ்கில் இருப்பதோடு சேர்த்து மறக்க வேண்டியதுதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ புதுச்சேரியிலோ பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். விண்டோஸ் அழகாக ஓடும், பயாஸ் மட்டும் முந்தைய கம்பெனியின் பாஸ்வேர்டு கேட்கும். அந்த லேப்டாப்பில் நாளைக்கு எந்தச் செட்டிங்கையும் மாற்ற முடியாது. விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லையென்றால், ரேம் அளவும் பிராசசர் பெயரும் விற்பவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று மெயின் பக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பயாஸ் அப்டேட்

கடைசியாக, எல்லோரும் அவசரப்படும் வேலை. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் என்ற வைரஸ் பல கணினிகளின் பயாஸ் சிப்பிலேயே குப்பையை எழுதியது. அவை ஆன் ஆகவே மறுத்தன. பாதியில் நின்ற அப்டேட்டும் அதே நிலைக்குத்தான் கொண்டுபோய் விடும். சிப்பைப் புரோகிராமர் கருவியில் மாட்டி எழுதத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருக்கும். அதனால் காரணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். புது பிராசசர் போட வேண்டும், பாதுகாப்புக் குறை ஒன்றைக் கம்பெனி சரிசெய்திருக்கிறது, உங்களுக்கு இருக்கும் அதே கோளாறு அப்டேட் குறிப்பில் இருக்கிறது, இவையெல்லாம் நல்ல காரணங்கள். புது வெர்ஷன் வந்திருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது.

ஃபைலைக் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். மாடல் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு போர்டு. டெஸ்க்டாப் போர்டில் ரிவிஷன் எண்ணும் அச்சாகியிருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். பிட்லாக்கர் ஆனில் இருந்தால் விண்டோஸில் அதைத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்யுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம், அதுவும் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் யுபிஎஸ். வானம் கறுத்திருக்கும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது போன்ற வாரங்களில் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அப்டேட் ஓடும்போது திரை அணைந்து எரியும், சிஸ்டம் இரண்டு மூன்று முறை தானாகவே ரீஸ்டார்ட் ஆகும், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். பட்டனில் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். விண்டோஸ் வந்த பிறகு சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் வெர்ஷன் எண் மாறியிருக்கிறதா பாருங்கள். அப்டேட் சில நேரம் பழைய செட்டிங்குகளை அழித்துவிடும் என்பதால், பயாஸுக்குள் ஒருமுறை போய்ப் பழைய படங்களோடு ஒவ்வொரு பக்கத்தையும் ஒப்பிட்டு, பிட்லாக்கரைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.